துடிப்பு மிக்க இளம் நாய்க்கு நிலையான வீடு தேடுதல்: டர்பன் பகுதியில் புதிதாகத் தற்காலிக வளர்ப்பை ஏற்போருக்கான வழிகாட்டி

விலங்குக் காப்பகங்களில் நாய்க்குட்டிகளுக்கு எளிதில் வீடு கிடைத்துவிடுகிறது. வயது முதிர்ந்த, அமைதியான நாய்களைப் பார்த்து இரக்கப்படுவோரும் சிலர் உண்டு. எட்டு மாதத்திலிருந்து இரண்டு வயது வரையிலான, ஆளைக் கண்டதும் பாய்ந்து ஏறுகிற, வாரை இழுக்கிற, தனியே விட்டால் செருப்பைக் கடித்துக் குதறுகிற நாய்களே கூண்டில் நெடுநாள் தங்கிவிடுகின்றன. அவற்றுள் பெரும்பாலானவற்றிடம் குறை ஏதும் இல்லை. குட்டியாக இருந்தபோது அழகுக்காக வாங்கப்பட்டு, வளரிளம் பருவம் வந்ததும் சமாளிக்க முடியவில்லை என்று கைவிடப்பட்டவை அவை. தென்னாப்பிரிக்காவின் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், இசிப்பிங்கோ, டோங்காட், பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆகிய ஊர்களில் நம் மக்களிடையே இத்தகைய நாயொன்றை வீட்டில் தற்காலிகமாக வைத்துப் பராமரித்து, அதற்கு நிலையான குடும்பத்தைத் தேடித் தர முதன்முறையாக முன்வருவோருக்காக இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். நாயை வேறொரு நாயாக மாற்றுவது நம் வேலை அன்று. அதன் துடிப்புக்கு இடம் தருகிற அன்றாட வாழ்க்கை எந்த வீட்டில் ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறதோ, அந்த வீட்டைக் கண்டுபிடிப்பதே வேலை. கீழே வரும் படிகள் அனைத்தும் இந்த ஒரு நோக்கத்திற்காகவே சொல்லப்படுகின்றன.

முதற்படி: நாய் யாருடையது என்பதை உறுதிசெய்தல்

தெருவில் கண்டெடுத்த நாயை உடனே பிறருக்குத் தத்துக் கொடுக்கும் உரிமை நமக்கு இல்லை. முதலில் அருகிலுள்ள கால்நடை மருத்துவமனைக்கோ எஸ்.பி.சி.ஏ. எனப்படும் விலங்குவதைத் தடுப்புச் சங்கத்தின் நிலையத்திற்கோ கொண்டுசென்று, தோலுக்கடியில் மைக்ரோசிப் இருக்கிறதா என்று கருவியால் பார்க்கச் சொல்ல வேண்டும். சிப் இருந்தால் அதன் பதினைந்து இலக்க எண்ணைக் கொண்டு உரிமையாளரைத் தேடலாம். சிப் இல்லாவிட்டாலும், நாயைக் கண்டெடுத்த செய்தியை எஸ்.பி.சி.ஏ.வில் பதிவுசெய்து, கண்டெடுத்த பகுதியின் வாட்ஸ்அப் குழுக்களில் படத்தை வெளியிட்டு, உரிமை கோருவோருக்கு நியாயமான கால அவகாசம் தர வேண்டும். உரிமை கோரி வருபவரிடம் நாயின் பழைய படங்களையோ தடுப்பூசி அட்டையையோ கேளுங்கள். பட்டாசுச் சத்தத்தில் மிரண்டு ஓடிய ஒரு நாய்க்காக அதன் குடும்பம் அழுதுகொண்டிருக்கலாம் என்பதை மறந்துவிடக் கூடாது.

உரிமையாளரே நாயை ஒப்படைக்கிறார் என்றால், உரிமையை விட்டுக்கொடுப்பதாகக் கையொப்பமிட்ட கடிதம் ஒன்றை வாங்கிவிடுங்கள். வாய்ச்சொல்லை மட்டும் நம்பினால், நாய் புதிய வீட்டில் பழகி முடித்த பிறகு அவர் மனம் மாறி வந்து கேட்கும்போது சண்டை மூளும். வளர்க்க முடியாதவர் நாயை எங்காவது விட்டுவிட்டுப் போவது, 1962ஆம் ஆண்டின் 71ஆம் எண் விலங்குகள் பாதுகாப்புச் சட்டப்படி, அந்த விலங்கு துன்புறக்கூடிய நிலையில் விடப்பட்டிருந்தால், குற்றமாகும். இதை மிரட்டலாகச் சொல்லாமல் தகவலாகச் சொன்னாலே பலர் முறைப்படி ஒப்படைக்க முன்வருவார்கள்.

இரண்டாம் படி: உடல்நலமும் ஆவணங்களும்

நம் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் நாய்களிடையே ரேபிஸ் எனப்படும் வெறிநாய்க்கடி நோய் நிலைபெற்றிருக்கிறது. ஆகவே வேறெதற்கும் முன்பாக ரேபிஸ் தடுப்பூசி போட்டாக வேண்டும். நாய்களுக்கும் பூனைகளுக்கும் இந்த ஊசி தென்னாப்பிரிக்காவில் சட்டப்படி கட்டாயமானது. மூன்று மாத வயதில் முதல் ஊசியும், அதன்பின் முப்பது நாள் கழிந்து பன்னிரண்டு மாதத்திற்குள் இரண்டாவது ஊசியும், பிறகு மூன்றாண்டுகளுக்கு ஒருமுறை மறு ஊசியும் போட வேண்டும் என்பது நாடு முழுவதற்குமான விதி. நோய் மிகுந்த நம் மாகாணத்தில் ஆண்டுதோறும் போடுமாறு மருத்துவர்கள் பலர் அறிவுறுத்துகிறார்கள். அரசுக் கால்நடை மருத்துவத் துறையின் முகாம்களில் இந்த ஊசி இலவசம். முன்வரலாறு தெரியாத நாய் உங்களையோ பிள்ளைகளையோ கடித்தாலும் பல்லால் கீறினாலும், ஓடும் நீரில் சோப்பு போட்டுக் குறைந்தது பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். சிறு கீறல்தானே என்று வீட்டிலேயே மஞ்சள் பூசிவிட்டு இருந்துவிடக் கூடாது; அறிகுறிகள் தோன்றிய பிறகு இந்த நோயிலிருந்து மீள்வது அனேகமாக நடவாத காரியம்.

இத்துடன் பார்வோ, டிஸ்டெம்பர் முதலிய நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசி, குடற்புழு மருந்து, உண்ணித் தடுப்பு, கருத்தடை அறுவை, மைக்ரோசிப் ஆகியவை தேவை. எந்த வயதில் கருத்தடை செய்யலாம் என்பதை நாயின் உடற்கட்டைப் பார்த்து மருத்துவர் சொல்வார். கருத்தடை முடியாத நாயை, 'பிறகு நீங்களே செய்துகொள்ளுங்கள்' என்று சொல்லிக் கொடுத்தனுப்புவதை நான் ஏற்பதில்லை. செலவு, மறதி, 'ஒருமுறை குட்டி போடட்டுமே' என்ற ஆசை ஆகியவை ஒன்றுசேர்ந்து அந்த வாக்குறுதியை விழுங்கிவிடுகின்றன. அடுத்த ஆண்டு காப்பகத்திற்கு இன்னும் ஆறு குட்டிகள் வந்து சேர்கின்றன.

டர்பனின் வெப்பமும் ஈரமும் உண்ணிகளுக்கு மிகவும் ஏற்றவை. உண்ணி பரப்புகிற, இங்கே எல்லாரும் பிலியரி என்று சொல்கிற இரத்த நோய் இளம் நாயையும் சில நாட்களில் கொன்றுவிடக் கூடியது. ஓயாமல் ஓடிக்கொண்டிருந்த நாய் திடீரென்று ஒரு மூலையில் படுத்துவிட்டால், 'அப்பாடா, அடங்கிவிட்டது' என்று மகிழ வேண்டாம். ஈறு வெளுத்திருக்கிறதா, உணவை மறுக்கிறதா, காய்ச்சல் இருக்கிறதா, சிறுநீர் கறுத்துப் போகிறதா என்று பார்த்து, ஐயம் எழுந்தால் அன்றே மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள். சாணவண்டுகளின் வழியாகப் பரவி உணவுக்குழாயில் கட்டிகளை உண்டாக்கும் ஸ்பைரோசெர்கா என்ற புழுவும் நம் கடற்கரைப் பகுதியில் காணப்படுகிறது. வழக்கமான குடற்புழு மாத்திரைகள் பலவற்றுக்கு அது கட்டுப்படாது என்பதால், தடுப்பு மருந்தைப் பற்றி மருத்துவரிடம் தனியே கேட்க வேண்டும். மண்ணில் மூக்கை நுழைத்துக் கிளறுகிற இளம் நாய்க்கு இது மிகவும் முக்கியம்.

மூன்றாம் படி: நாயை அறிதல், அதன் துடிப்புக்கு வழி அமைத்தல்

புதிய இடத்திற்கு வந்த முதல் சில நாட்களில் நாய் காட்டும் நடத்தையை வைத்து எதையும் தீர்மானிக்க வேண்டாம். சில நாய்கள் அச்சத்தால் அடங்கியிருந்து, இரண்டாம் வாரத்தில்தான் இயல்பான துள்ளலைக் காட்டும். சில நாய்கள் கூண்டு வாழ்க்கையின் பதற்றத்தால் முதலில் சுழன்று திரிந்துவிட்டு, நல்ல தூக்கம் கிடைத்ததும் தணிந்துவிடும். எனவே உங்கள் வீட்டில் இரண்டு மூன்று வாரங்கள் இருந்த பிறகே விளம்பரம் செய்யுங்கள். அந்தக் காலத்தில் ஒரு நோட்டுப் புத்தகத்தில் நாள்தோறும் சில வரிகள் எழுதி வாருங்கள்: எப்போது எழுகிறது, எதைக் கண்டு குரைக்கிறது, எவ்வளவு நேரம் தனியே இருக்கிறது, பிள்ளைகளைக் கண்டால் என்ன செய்கிறது, உணவுத் தட்டின் அருகே யாராவது வந்தால் உடல் இறுகுகிறதா, பூனையை விரட்டுகிறதா, குரங்குகள் கூரையில் ஏறும்போது என்ன செய்கிறது. சாட்ஸ்வர்த்தில் சில்வர்கிளென் காட்டை ஒட்டிய தெருக்களில் வசிப்போருக்கு இந்தக் கடைசிக் கேள்வி அன்றாடத் தேவை. விரட்டிச் செல்லும் நாயை ஆண் குரங்கு திருப்பித் தாக்கினால் அதன் கோரைப் பற்கள் ஆழமான காயத்தை உண்டாக்கும்.

துடிப்பு மிக்க நாய் என்றவுடன் பலர் அதை ஓட விட்டுக் களைக்க வைக்கவே முயல்கிறார்கள். காலையும் மாலையும் மணிக்கணக்கில் பந்தை எறிந்தால் அதன் கால்கள் வலுப்படும், மூச்சு நீளும். அடுத்த வாரம் இன்னும் அதிகமாக ஓடக் கேட்கும். அதன் மனத்திற்கு வேலை கொடுப்பதே மேலானது. வாரை நீளமாக விட்டு, புல்லையும் மதிலோரத்தையும் தன் விருப்பப்படி மோப்பம் பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் மெதுவாக நடக்க விடுங்கள். உணவைத் தட்டில் கொட்டாமல், உலர் தீனியைப் புல்தரையில் தூவித் தேடித் தின்னச் செய்யலாம். துளையிட்ட ரப்பர் பொம்மைக்குள் அடைத்தும் தரலாம். பழைய அட்டைப்பெட்டிக்குள் கசக்கிய தாள்களுக்கு இடையே ஒளித்தும் வைக்கலாம். இவற்றுக்குப் பணச்செலவே இல்லை எனலாம். இத்துடன் ஐந்தைந்து நிமிடமாக நாளில் சில முறை பயிற்சி கொடுங்கள். 'உட்கார்', 'காத்திரு', 'விடு', 'வா' என்ற நான்கும் போதும். எந்த மொழியில் சொன்னாலும் குடும்பத்தார் அனைவரும் ஒரே சொல்லைச் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் ஆயா தமிழிலும் பேரப்பிள்ளைகள் ஆங்கிலத்திலும் கட்டளையிட்டால் நாய் குழம்பிப் போகும். புதிய குடும்பம் எந்தச் சொற்களைப் பயன்படுத்தும் என்று தெரிந்தால் அவற்றையே கற்பியுங்கள்.

தூக்கத்தைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். வளர்ந்த நாயே நாளில் பாதிப் பொழுதுக்குக் குறையாமல் தூங்கும். வளரும் நாய்க்கு அதைவிடக் கூடுதலாகத் தூக்கம் வேண்டும். மாலை ஆறு ஏழு மணிக்குக் கைகால்களைக் கவ்வி, வட்டமடித்து ஓடுகிற இளம் நாய் பெரும்பாலும் தூக்கம் போதாத நாயாகவே இருக்கும். பகலில் சத்தமில்லாத ஓர் அறையிலோ மூடிய கூண்டுப் படுக்கையிலோ அது இரண்டு முறை நன்றாகத் தூங்கப் பழக்குங்கள். இந்தப் பழக்கம் ஒன்று இருந்தாலே நாயைப் பார்க்க வருகிறவர்களுக்கு அதன் உண்மையான குணம் தெரியும்.

ஆளின்மேல் பாய்வதைத் திருத்த, முழங்காலால் இடிப்பதும் அதட்டுவதும் வேண்டாம். நான்கு கால்களும் தரையில் இருக்கும்போது மட்டும் முகம் பார்த்துப் பேசுங்கள். பாய்ந்தால் திரும்பி நின்றுகொள்ளுங்கள். உட்கார்ந்தவுடன் சிறு உணவுத் துண்டு கொடுங்கள். விருந்தாளிகள் அடிக்கடி வந்துபோகும் நம் வீடுகளில் எல்லாரும் இதைக் கடைப்பிடிப்பது கடினம் என்பதால், விருந்தினர் வரும்போது நாய்க்கு வார் மாட்டி வைப்பது நல்லது. வார் இழுக்கும் நாய்க்குக் கழுத்தை நெரிக்கும் சங்கிலியைவிட, நெஞ்சுப் பகுதியில் வளையம் உள்ள உடற்பட்டை ஏற்றது. நடையைக் காலை வெயில் ஏறுவதற்கு முன்பும் மாலையிலும் வைத்துக்கொள்ளுங்கள். ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் புறங்கையைச் சில நொடிகள் தார்ச்சாலையில் வைத்துப் பார்த்து, உங்களால் தாங்க முடியாவிட்டால் அதன் பாதங்களாலும் தாங்க முடியாது என்று கொள்ளுங்கள்.

நம் நாட்டில் இன்னொன்றையும் மனம் கூசாமல் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரே குடும்பத்தாரை மட்டும் பார்த்து, மதிலுக்குள்ளேயே வளர்ந்த நாய், தன் வீட்டாரைப் போல் தோன்றாத மனிதரைக் கண்டால் குரைத்துப் பாய்கிறது. அந்த நாயின் முன்னே அஞ்சி நிற்பவர் தோட்ட வேலைக்கு வருபவராகவோ தபால் கொண்டுவருபவராகவோ இருக்கிறார். வெவ்வேறு இனத்தவர், சீருடை அணிந்தோர், தொப்பி வைத்தோர், குடை பிடித்தோர், ஊன்றுகோலுடன் நடப்போர் என எல்லாரையும் பாதுகாப்பான தொலைவிலிருந்து பார்க்கவைத்து, பார்க்கும்போதெல்லாம் நல்ல உணவு கொடுத்துப் பழக்குவது தற்காலிக வளர்ப்பாளரின் கடமை.

நான்காம் படி: உண்மையான அறிமுகம் எழுதுதல்

விளம்பரத்தில் நாயின் குறையை மறைப்பவர் அதன் திரும்பும் பயணத்துக்குச் சீட்டு வாங்குகிறார். 'அன்பான நாய், நல்ல வீடு தேவை' என்ற வரியைப் பார்த்து வருபவர் எத்தகைய நாயை எதிர்பார்க்கிறார் என்று யாருக்கும் தெரியாது. கீழே உள்ளதைப் போல எழுதிப் பாருங்கள்:

'டைகர், ஏறக்குறைய பதினான்கு மாத ஆண் நாய், இருபத்திரண்டு கிலோ. கருத்தடையும் தடுப்பூசிகளும் முடிந்தன. காலை ஐந்தரைக்கே எழுந்து நடைக்குத் தயாராகிவிடுவான். மோப்ப விளையாட்டில் கெட்டிக்காரன். நான்கு மணி நேரம் வரை தனியே இருப்பான்; அதற்கு மேல் போனால் மெத்தையைக் கிழிப்பான். பெரிய பிள்ளைகளோடு நன்றாகப் பழகுவான். மகிழ்ச்சியில் மோதித் தள்ளிவிடுவதால் நடை பழகும் குழந்தை உள்ள வீட்டுக்கு ஏற்றவன் அல்லன். பூனையை விரட்டுவான். தினமும் ஓடுகிற அல்லது நெடுந்தூரம் நடக்கிற ஒருவர் இருக்கும் வீடு இவனுக்கு வேண்டும்.'

இதைப் படித்துப் பத்துப் பேர் விலகிப் போனால் அது நல்லதே. படத்தை நாயின் கண் மட்டத்திற்குக் குனிந்து, பகல் வெளிச்சத்தில், கம்பிகள் தெரியாமல் எடுங்கள். நாய் உட்காருவதையும் வாருடன் நடப்பதையும் காட்டும் அரை நிமிடக் காணொளியைச் சேருங்கள். கலப்பினம் என்றால் கலப்பினம் என்றே எழுதுங்கள். உருவத்தை வைத்து இனத்தை ஊகித்து எழுதினால் தவறான ஆட்கள் வருவார்கள். பிட்புல் சாயல் உள்ள நாயானால் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். 2022ஆம் ஆண்டின் இறுதியில் குழந்தைகள் உயிரிழந்த நிகழ்வுகளைத் தொடர்ந்து அந்த இனத்தைத் தடைசெய்யும் கோரிக்கை எழுந்து, பலர் தங்கள் நாய்களை எஸ்.பி.சி.ஏ.வில் ஒப்படைத்ததை நாம் கண்டோம். அச்சப்படும் அண்டை வீட்டார் ஒருபுறமும், சண்டைக்காக நாய் தேடும் கயவர்கள் மறுபுறமும் இருக்கிறார்கள். இந்தக் கயவர்களின் காரணமாகவே 'இலவசம்' என்ற சொல்லை விளம்பரத்தில் எழுதக் கூடாது என்கிறேன். மருத்துவச் செலவில் ஒரு பகுதியையாவது கட்டணமாகக் கேளுங்கள். உங்கள் வீட்டு முகவரியைப் பொதுவெளியில் போட வேண்டாம்.

ஐந்தாம் படி: கேட்பவருடன் பேசுதல்

முதல் உரையாடலைக் குறுஞ்செய்தியில் முடித்துவிடாமல் தொலைபேசியில் பேசுங்கள். 'நாய்க்கு நேரம் ஒதுக்குவீர்களா?' என்று கேட்டால் எல்லாரும் 'ஆம்' என்றே சொல்வார்கள். 'உங்கள் வீட்டில் ஒரு செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து இரவுவரை எப்படிப் போகும், சொல்லுங்களேன்' என்று கேளுங்கள். ஆறு மணிக்கு அனைவரும் வேலைக்கும் பள்ளிக்கும் கிளம்பி, மாலை ஆறுக்குத்தான் திரும்புவார்கள் என்றால், அந்தப் பன்னிரண்டு மணி நேரம் நாய் என்ன செய்யும் என்பதை அவரே சொல்லட்டும். பகலில் தாத்தாவோ பெரியம்மாவோ வீட்டில் இருக்கிறார் என்றால், துள்ளும் நாயை விரும்புகிறாரா என்று அவரிடமே நேரில் கேட்க வேண்டும். இருபது கிலோ எடையுள்ள நாய் மோதினால் கீழே விழுந்து எலும்பு முறிவது முதியவருக்குத்தான்.

திருட்டு அச்சத்தால் நாய் கேட்போர் நம்மிடையே ஏராளம். அந்த அச்சம் நியாயமானதே. ஆனால் வெளியே கட்டிப்போட்டுக் காவலுக்கு வைக்கவே நாய் வேண்டும் என்பவருக்கு இத்தகைய நாயைக் கொடுக்க வேண்டாம் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். நாயைத் தேவையின்றியோ, துன்பம் தரும் வகையிலோ கட்டிவைப்பதை மேலே சொன்ன 1962ஆம் ஆண்டுச் சட்டமே குற்றமாகக் கொள்கிறது. அதைவிட முக்கியமானது, துடிப்பு மிக்க நாய் சங்கிலியில் சில மாதங்களிலேயே மனமுடைந்தோ மூர்க்கமாகவோ மாறிவிடும் என்பது. இரவில் வீட்டுக்குள், குடும்பத்தாரோடு தூங்குகிற நாயும் அந்நியக் காலடி கேட்டால் குரைக்கத்தான் செய்யும் என்பதைப் பொறுமையாக விளக்கினால் சிலர் ஏற்றுக்கொள்கிறார்கள். ஏற்காதவரிடம் மரியாதையாக மறுத்துவிடுங்கள்.

உணவு பற்றியும் கேளுங்கள். புரட்டாசி மாதம் முழுவதும் வீட்டில் அசைவம் புழங்காத குடும்பங்கள் நம்மிடம் மிகுதி. அந்த வழக்கத்தை மதித்துக்கொண்டே, முழுச்சத்துள்ள உலர் தீனியைத் தனிப்பாத்திரத்தில், சமையலறைக்கு வெளியே வைத்துக் கொடுக்க முடியுமா என்று முன்கூட்டியே பேசிவிட்டால் பின்னர் வருத்தம் இராது. குழம்பு கலந்த மிச்சச் சோறும் ஆட்டெலும்பும் கொடுப்பது அன்பின் அடையாளம் என்று எண்ணுவோருக்கு, வெங்காயமும் பூண்டும் நாய்க்கு நஞ்சு, வெந்த எலும்பு உடைந்து குடலைக் கிழிக்கும், திராட்சையும் சாக்லேட்டும் மக்கடேமியாக் கொட்டையும் ஆகாது என்று எழுதியே கொடுத்துவிடுங்கள்.

வாடகை வீடென்றால் உரிமையாளரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் வேண்டும். அடுக்குமாடியிலோ கூட்டு உடைமைக் குடியிருப்பிலோ வசிப்பவர்கள், வழக்கமான நடத்தை விதிகளின்படி, அந்தக் குடியிருப்பை நிர்வகிக்கும் அறங்காவலர்களின் எழுத்துப்பூர்வ அனுமதியைப் பெற வேண்டும். தகுந்த காரணமின்றி அவர்கள் மறுக்கக் கூடாது என்றும் அந்த விதிகளே சொல்கின்றன. அனுமதிக் கடிதத்தை உங்கள் கண்ணால் பார்க்கும்வரை நாயைக் காட்டிப் பிள்ளைகளின் மனத்தில் ஆசையை வளர்க்க வேண்டாம்.

ஆறாம் படி: வீட்டைப் பார்வையிடுதல்

நேரம் குறித்துக்கொண்டு, முடிந்தால் இன்னொருவருடன் செல்லுங்கள். குறை கண்டுபிடிக்க வந்தவரைப் போல நடந்துகொள்ளாமல், நாயின் கண்ணால் வீட்டைப் பார்க்க உதவ வந்திருக்கிறேன் என்று சொல்லித் தொடங்குங்கள். மதிலின் உயரம், வாயிற்கதவின் அடியில் உள்ள இடைவெளி, சாய்வான நிலத்தில் ஒரு பக்கம் மட்டும் தாழ்ந்திருக்கும் மதில் ஆகியவற்றைச் சுற்றி நடந்து பாருங்கள். சாட்ஸ்வர்த்தின் மேட்டுப்பாங்கான தெருக்களில் முன்புறம் உயரமாகத் தெரியும் மதில் பின்புறம் இடுப்பளவே இருப்பதுண்டு. தாவக் கூடிய இளம் நாய்க்கு 1.8 மீட்டர் உயரம் இருந்தால் மனநிம்மதி. மின்சாரத்தில் இயங்கும் வாயிற்கதவானால், மின்வெட்டில் மின்கலம் தீர்ந்து கதவைக் கையால் தள்ள வேண்டிவரும்போது யார் பூட்டுவார்கள் என்று கேளுங்கள். பூசையிடத்தில் காமாட்சி விளக்குத் தாழ்வாக எரிகிறது என்றால், வாலாட்டும் நாய் அதைத் தட்டிவிடாதபடி சற்று உயரத்தில் வைக்கச் சொல்லுங்கள். ஒட்டுச்சுவர் வீடுகளில் அண்டை வீட்டாரிடம் ஒரு வார்த்தை சொல்லிவைப்பது பின்னாளைய குரைப்புப் புகார்களைத் தவிர்க்கும்.

பொறுப்பு பற்றியும் இங்கேயே பேசிவிடுங்கள். நாய் யாரையாவது கடித்தால், உரிமையாளரிடம் தவறு இல்லாவிட்டாலும் அவர் இழப்பீடு தர நேரலாம் என்பது ரோமன்-டச்சு வழி வந்த நம் பொதுச்சட்டத்தின் பழைய கொள்கை. 2020ஆம் ஆண்டில் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மீண்டும் உறுதிசெய்தது. வாயிற்கதவை வேறு யாரோ திறந்துவிட்டிருக்கலாம் என்ற வாதம் அந்த வழக்கில் உரிமையாளரைக் காப்பாற்றவில்லை. அச்சுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. மதிலுக்கும் பயிற்சிக்கும் ஆகும் செலவு ஏன் அவசியம் என்பதை விளங்கவைக்கவே சொல்கிறேன்.

ஏழாம் படி: சந்திப்பு, ஒப்பந்தம், கையளிப்பு

குடும்பத்தார் அனைவரும் நாயைச் சந்திக்க வேண்டும். அந்த வீட்டில் ஏற்கெனவே நாய் இருந்தால், இரண்டையும் வீட்டு வாசலில் நேருக்கு நேர் நிறுத்தாமல், இருவருக்கும் பொதுவான ஓரிடத்தில் வாருடன், இடைவெளி விட்டு, ஒரே திசையில் நடத்திச் செல்லுங்கள். உடல் தளர்ந்து, ஒன்றையொன்று பார்ப்பதும் புல்லை மோப்பம் பிடிப்பதுமாக மாறியபின் இடைவெளியைக் குறையுங்கள். சந்திப்புக்கு முன் நாயைச் சோர்வடையச் செய்து 'எவ்வளவு சாது' என்று காட்டுவது ஏமாற்று. அதன் வழக்கமான துள்ளலை அவர்கள் பார்க்கட்டும்.

ஒப்பந்தம் ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். நாயின் சிப் எண், ஊசி நாட்கள், கட்டணம், சங்கிலியில் கட்டுவதில்லை, பிறருக்குக் கைமாற்றுவதில்லை, எந்தக் காரணத்தால் வைத்துக்கொள்ள முடியாமற்போனாலும் உங்களிடமே திருப்பித் தர வேண்டும் ஆகியவை அதில் இருக்கட்டும். இரண்டு வாரம் முதல் ஒரு மாதம் வரை சோதனைக் காலம் வைப்பது இரு தரப்புக்கும் நல்லது. அவர்கள் தந்த அடையாள அட்டை நகலையும் முகவரியையும் பாதுகாப்பாக வைத்திருங்கள். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் நடைமுறையில் உள்ள நாட்டில் அவற்றை வாட்ஸ்அப் குழுவில் பகிர்வது தவறு.

கையளிக்கும் நாளைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும். அக்டோபரிலோ நவம்பரிலோ வரும் தீபாவளி, அதை ஒட்டி பட்டாசு வெடித்துக் கொண்டாடும் கை ஃபாக்ஸ் நாளான நவம்பர் 5ஆம் நாள் இரவு, பிறகு ஆண்டிறுதி என டர்பனில் பட்டாசுச் சத்தம் ஓயாத ஒரு காலம் உண்டு. புதிய வீட்டின் வாசனையே பழகாத நாய் அந்தச் சத்தத்தில் மதில் தாண்டி ஓடினால், திரும்பி வர அதற்கு வழி தெரியாது. தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரங்களில் கையளிப்பதை நான் தவிர்த்துவிடுகிறேன். பருவம் முடியும்வரை காத்திருக்க முடியாவிட்டால், உள்ளறை ஒன்றில் திரைகளை மூடி, வானொலியை ஒலிக்கவிட்டு, கழுத்துப்பட்டையில் பெயர்த்தகடுடன் நாயை வைத்திருக்க ஏற்பாடு செய்யுங்கள். மருந்து தேவைப்படும் என்றால் மருத்துவரை முன்பே பார்த்துவிட வேண்டும். டிசம்பர் விடுமுறையில் குடும்பம் ஊருக்குப் போவதாக இருந்தால், நாயை ஜனவரியில் கொடுப்பதே முறை.

நாயுடன் அது தூங்கிய விரிப்பு, ஒரு வாரத்துக்கான பழைய தீனி, தடுப்பூசி அட்டை, உங்கள் நோட்டுப் புத்தகத்தின் சுருக்கம் ஆகியவற்றைக் கொடுத்தனுப்புங்கள். வார இறுதியின் முதல் நாள் காலையில் கையளித்தால், வீட்டார் உடனிருக்க இரண்டு பகல் கிடைக்கும். முதல் வாரத்தில் உறவினர் யாரும் நாயைப் பார்க்க வர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

எட்டாம் படி: கையளித்த பின்

மூன்று நாள் திகைப்பு, மூன்று வாரம் ஒழுங்கு பழகுதல், மூன்று மாதம் வேரூன்றுதல் என்று மீட்பாளர்கள் சொல்லும் கணக்கு ஒரு தோராயமான வழிகாட்டியே. ஆயினும் புதிய குடும்பத்துக்கு அது பொறுமையைத் தரும். மறுநாளும், முதல் வார இறுதியிலும், முதல் மாத இறுதியிலும் நீங்களே அழையுங்கள். 'எல்லாம் சரியா?' என்று கேட்காமல், 'இந்த வாரம் எது கடினமாக இருந்தது?' என்று கேளுங்கள். பெரும்பாலும் பதில் மூன்றில் ஒன்றாக இருக்கும்: இரவில் அழுகிறது, எதையோ கடித்துவிட்டது, வாரை இழுக்கிறது. மூன்றுக்கும் மேலே சொன்ன தூக்கம், மோப்பம், சிறு பயிற்சி ஆகியவற்றை அவர்கள் நடைமுறைப்படுத்துகிறார்களா என்று கேட்டு, தேவையானால் ஒரு மாலை நேரில் சென்று உடன் நடந்து காட்டுங்கள். பிள்ளைகளை நோக்கி உறுமுகிறது, உணவைக் காத்துப் பல்லைக் காட்டுகிறது என்றால் தொலைபேசி ஆலோசனையோடு நிறுத்தாமல், அடிக்காமல் பயிற்றுவிக்கும் பயிற்சியாளரிடமும் மருத்துவரிடமும் அனுப்புங்கள்; உடலில் வலியிருந்தாலும் நாய் அவ்வாறு நடந்துகொள்ளும்.

சோதனைக் காலம் முடிந்ததும் மைக்ரோசிப் பதிவை புதிய உரிமையாளரின் பெயருக்கு மாற்றியாக வேண்டும். சிப் பொருத்தப்பட்டிருந்தும், பதிவில் பழைய தொலைபேசி எண்ணே இருந்தால், காணாமற்போன நாய் வீடு திரும்ப அது உதவாது. மாற்றியதற்கான உறுதிச் செய்தியை உங்களுக்கு அனுப்பச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

நாய் திரும்பி வந்துவிட்டால் அந்தக் குடும்பத்தைப் பழிக்க வேண்டாம். பழித்தால் அடுத்தவர் உங்களிடம் திருப்பித் தராமல் எங்கேயோ விட்டுவிடுவார். எந்த நேரத்தில், எந்தச் சூழலில் என்ன நடந்தது என்று அமைதியாகக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அவர்கள் வீட்டில் நாய் காட்டிய நடத்தை உங்கள் வீட்டில் காணாத ஒன்றாக இருக்கலாம். அந்தத் தகவல் விலைமதிப்பற்றது. நாய்க்கு ஒரு வாரம் எந்தப் புதியவரையும் காட்டாமல் ஓய்வு கொடுத்து, பழைய நேரப்படி உணவும் நடையும் கொடுங்கள். பிறகு அறிமுகத்தை எடுத்து, புதிதாகத் தெரிந்துகொண்டதை அதில் சேர்த்துத் திருத்தி எழுதி, மீண்டும் நான்காம் படியிலிருந்து தொடங்குங்கள்.